நிற்கக் கூடாத இருமல்

எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே ஸ்வீட்லின் இருமலை விழுங்கக் கற்றுக்கொண்டாள். வகுப்பில் இருமினால் பக்கத்துப் பிள்ளை தள்ளி உட்காரும். பஸ்ஸில் இருமினால் பெரியவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். ஜெபவீட்டில் பாட்டு ஓய்ந்து அமைதி வரும் நேரம் பார்த்து இருமல் வந்தால், முன்வரிசைத் தலைகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பும். ஆகவே தொண்டையில் அது புறப்படும்போதே வாயை இறுக்கி, மூக்கால் மெல்ல மூச்சு விட்டு, வந்ததை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவாள். கண்ணில் நீர் முட்டும். சத்தம் வெளியே வராது. திருமுல்லைவாயிலில் அவர்கள் தெருவில் இதற்கு நல்ல பெயர் கிடைத்தது. "கிறிஸ்துராஜ் பொண்ணு எவ்ளோ அடக்கம் பாரு" என்றார்கள்.

அடக்கமாம்! ஒரு பெண்பிள்ளை மூச்சு முட்டி நின்றால் அதற்கும் ஒரு பாராட்டைத் தயாராக வைத்திருக்கிறார்கள்.

சிறுவயதில் அவளுக்கு இரண்டு முறை காசநோய் மருந்து கொடுத்தார்கள். சளியில் காசநோய்க் கிருமி இருந்ததாக எந்தப் பரிசோதனையும் சொல்லவில்லை. ஒல்லிப் பிள்ளை, ஓயாத இருமல், வேறென்ன இருந்துவிடப் போகிறது என்ற ஊகம் போதுமானதாக இருந்தது. மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறமானது. இருமல் அப்படியே இருந்தது. வீட்டில் அவளுக்குத் தனி டம்ளர், தனித் தட்டு.

பதினான்காம் வயதில், நகரத்துப் பெரிய மருத்துவமனை ஒன்றில், ஒரு மருத்துவர் அவள் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைப்பதற்கு முன் விரல்களைப் பார்த்தார். நாள்பட்ட நெஞ்சு நோய் விரல் நுனியில் தெரியுமாம். நுனிகள் உருண்டு திரண்டிருந்தன. பிறகு அவளுடைய கறுப்புத் துப்பட்டாவின் ஓரத்தைப் பார்த்தார்.

"இது என்னம்மா வெள்ளைக் கோடு, சுண்ணாம்பா?"

"வேர்வை டாக்டர். எப்பவும் அப்படித்தான் காயும்" என்றாள் அம்மா ஹில்டா.

கையில் ஒரு சின்னக் கருவியைக் கட்டி வியர்வை எடுத்தார்கள். அதன் உப்பை அளந்தார்கள். அப்போதுதான் நோயின் உண்மையான பெயர் வந்தது: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். ஹில்டா கேட்ட முதல் கேள்வி, "ஒட்டுமா டாக்டர்?" என்பதுதான். ஒட்டாது என்று சொன்னதும் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அன்று வீட்டுக்கு வந்து செய்த முதல் வேலை, அந்தத் தனி டம்ளரைத் தூக்கி எறிந்தது.

நம் உடம்பின் உயிரணுக்களில் உப்பு போய்வர ஒரு வாசல் உண்டு. ஸ்வீட்லின் உடம்பில் அந்த வாசல் சரியாகத் திறப்பதில்லை. உப்பு போகாத இடத்துக்குத் தண்ணீரும் போகாது. மூச்சுக்குழாய்க்குள் வழுக்கிக்கொண்டு நகர வேண்டிய சளி, ஈரம் வற்றிக் கோந்தாகிறது. தூசியையும் கிருமியையும் மேலே தள்ளும் மென்மயிர்கள் அந்தக் கோந்தில் சிக்கி அசையாமல் கிடக்கின்றன. கிருமி குடியேறுகிறது. அதை விரட்ட வெள்ளையணுக்கள் படைபடையாக வருகின்றன. வந்தவை அங்கேயே செத்து, தம் சிதைவுகளால் கோந்தை இன்னும் இறுக்குகின்றன. அவை கக்கிவிட்டுப் போகும் பொருள்கள் குழாயின் சுவரையே அரிக்கின்றன. காவலுக்கு வந்தவர்களே வீட்டை இடிக்கும் இந்த ரகளைக்குத்தான் அழற்சி என்று பெயர். இதற்கு நடுவில் அவளுக்கென்று உடம்பு கொடுத்திருந்த ஒரே நல்ல ஆயுதம் இருமல். அதைத்தான் அத்தனை வருடமும் விழுங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த வாசலையே சீர்படுத்தும் மாத்திரைகள் உலகத்தில் வந்துவிட்டன. அவை பணக்கார நாடுகளின் மருந்துக்கடைகளில் இருக்கின்றன. மூச்சுக்கும் காப்புரிமை போட்டு விற்கும் காலம் இது. திருமுல்லைவாயில் வரைக்கும் வந்து சேர்ந்தது, உப்பு நீரைப் புகையாக்கித் தரும் ஒரு சின்ன மிஷினும், முதுகில் தட்டிச் சளியை இளக்கும் பயிற்சியும், கிருமிக்கான மருந்தும், சாப்பாட்டுக்கு முன் விழுங்கும் செரிமான மாத்திரையும்தான். அதுவே பெரிய விஷயமாக இருந்தது. எலும்பும் தோலுமாக இருந்தவள் எடை போட்டாள், கல்லூரி முடித்தாள், வில்லிவாக்கத்தில் ஒரு கூரியர் கம்பெனியில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள்.

தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று, இரண்டு பழுதான மரபணுக்கள் சேர்ந்தால்தான் இந்த நோய் வரும். ஹில்டா கிறிஸ்துராஜின் சொந்த அத்தை மகள். மருத்துவர் படம் போட்டு விளக்கினார்: பாதிப் பாதி. ஜெபவீட்டுப் பெண்களின் நியாயம் வேறு. "ஹில்டா சிஸ்டர், நீங்க முழுகாம இருந்தப்போ ஏதாச்சும் மறைஞ்ச பாவம் இருந்துச்சான்னு யோசிச்சிப் பாருங்க" என்றார்கள். கிறிஸ்துராஜை யாரும் எதையும் யோசிக்கச் சொல்லவில்லை.

கிறிஸ்துராஜ் கெட்டவர் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர். மகள் என்றால் உயிர். தகரக் கூரை போட்ட அந்த ஜெபவீட்டில் மைக், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாம் அவர் பொறுப்பு. சனிக்கிழமை சாயங்காலமே போய் ஒயர் இழுத்து, "ஹலோ, மைக் டெஸ்டிங், ஸ்தோத்திரம்" என்று அவர் சொல்லிப் பார்த்தால்தான் ஞாயிறு ஆராதனை நடக்கும். அந்தக் கூட்டத்தில் அவருக்கு ஒரு மரியாதை இருந்தது. எஸ்டேட்டில் அது கிடையாது.

ஜெபவீட்டின் போன வருடக் கன்வென்ஷன் கூட்டத்தில், பாஸ்டர் அலெக்ஸ் அவள் தலையில் கைவைத்து நெடுநேரம் ஜெபித்தார். ஸ்வீட்லின் பழைய வித்தையைக் காட்டினாள். ஜெபம் முடியும்வரை ஒரு இருமல்கூட வெளியே வரவில்லை. "விடுதலை! இன்னைக்கோட மருந்துக்கு விடுதலை!" என்று பாஸ்டர் முழங்கினார். கிறிஸ்துராஜ் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து மிஷினைப் பரணில் ஏற்றினார். உண்மையைச் சொன்னால் ஸ்வீட்லினுக்கும் அதில் ஆசை இருந்தது. காலையும் மாலையும் மூக்கில் முகமூடி கட்டி, உப்புப் புகையை இழுத்து இழுத்து அலுத்துப் போயிருந்தாள். செரிமான மாத்திரையை மட்டும் ஹில்டா விடவில்லை. "அது மருந்து இல்லீங்க, சோத்துக்குப் போடுறது" என்று சமாளித்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து இருமல் குறைந்தது. சில வாரங்களில் ஏறக்குறைய நின்றே போனது. "பாத்தியா! மிஷினை நிறுத்துனேன், இருமல் நின்னுச்சு. அப்ப எது நோயி?" என்று கிறிஸ்துராஜ் தெருவெல்லாம் சொன்னார்.

இந்த இடத்தில்தான் எல்லாரும் தவறினார்கள். உப்பு நீர் நெஞ்சுக்குள் போனால் சளி இளகும். இளகிய சளி இருமலைக் கிளப்பும். அதற்காகத்தானே அதை இழுப்பது! மிஷினை நிறுத்தினால் இருமல் குறையத்தான் செய்யும். அடுப்பை அணைத்துவிட்டு, "உலை கொதிக்கிற சத்தம் நின்னுடுச்சு, சோறு வெந்துடுச்சு" என்று இலை போட்ட கதை இது. சளி எங்கும் போகவில்லை. உள்ளே இறுகிக்கொண்டிருந்தது.

இதை முதலில் கண்டுபிடித்தவள் பேபி. கூரியர் கம்பெனியில் பார்சல் பிரிக்கும் வேலை. திருநின்றவூரில் ரயிலேறி, பெண்கள் பெட்டியில் ஸ்வீட்லினுக்கு ஒரு இடம் பிடித்து வைப்பாள். ஒரு காலை, அண்ணனூர் தாண்டி, திருமுல்லைவாயிலும் தாண்டி, அம்பத்தூர் வந்த பிறகுதான் கதவருகே நின்றவளைப் பார்த்தாள்.

"இன்னாடி, நீ வண்டியிலதான் கீறியா? நீ வரலன்னு நெனச்சிகினு சீட்ட ஒரு ஆயா கையில குடுத்துட்டேன்."

"இங்கதான் நின்னுகினு இருந்தேன் பேபி."

"அப்ப சவுண்டு எங்க? டெய்லி திருமுல்லைவாயில் வந்தா உன் ஹாரன் கேக்கும், நான் பேக்கை நகத்துவேன். இன்னாச்சு, சைலன்சர் மாட்டிகினியா?"

"இருமல் நின்னுபோச்சுடி."

"சூப்பரு! அப்ப ஏன் மூஞ்சி இப்டி தொங்கிப் போய் கீது? நேத்து ஸ்டேஷன் பாலத்துல ஏறசொல்லோ எத்தினி வாட்டி நின்ன? ஆடி மாசம் நீதான என்னை இழுத்துகினு ஓடுன!"

சாயங்காலம் ஆனால் உடம்பு சுடுவதும், சுடிதார் தொளதொளவென்று ஆகிவிட்டதும் ஸ்வீட்லினுக்குத் தெரியும். தெரிந்ததைத் தனக்கே சொல்லாமல் வைத்திருந்தாள். பேபி அதைப் பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டாள்.

அன்று மாலை ரயில் இறங்கி நடைமேம்பாலத்தில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கி, தெருமுனைக்கு வந்தபோது, தன்னையே பார்த்தாள். மின்கம்பத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். சித்தி கல்யாணத்தில் எடுத்த படம். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். 'காசநோயிலிருந்து அற்புத விடுதலை! சகோதரி ஸ்வீட்லின் சாட்சி! ஞாயிறு காலை ஆராதனையில்! அனைவரும் வருக!'

வீட்டுக்குள் போனதும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"டாடி, எனக்கு எப்ப டிபி வந்துச்சு?"

கிறிஸ்துராஜ் ஒயரில் டேப் சுற்றிக்கொண்டிருந்தார். "ஜனங்களுக்குப் புரியணும்லம்மா. அந்தப் பேரு யாரு வாயில நுழையும்?"

"வராத வியாதியில இருந்து நான் எப்படி டாடி சொகமாவேன்?"

"ஸ்வீட்டி, அவிசுவாசமா பேசாத. சாட்சி சொன்னாத்தான் சொகம் நெலைக்கும்னு பாஸ்டர் சொல்லியிருக்காரு."

அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அதில் ஏறினாள். அடுப்படியிலிருந்து வந்த ஹில்டா ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டாள். பரணிலிருந்து மிஷின் இறங்கியது.

உப்புப் புகை உள்ளே போய்ச் சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, அடிவயிற்றிலிருந்து புறப்பட்டதுபோல் அது வந்தது. இந்த முறை வாயை மூடவில்லை. வளைந்து, குனிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். பச்சையும் பழுப்புமாகக் கட்டி கட்டியாகச் சளி கிண்ணத்தில் விழுந்தது. ஓரிடத்தில் ஒரு சிவப்பு நூல்.

கிறிஸ்துராஜின் கையிலிருந்து டேப் நழுவியது. "திரும்ப வந்துடுச்சே" என்றார்.

"திரும்ப வரல டாடி" என்றாள் மூச்சிரைக்க. "இத்தினி நாளும் உள்ளதான் இருந்துச்சு. இப்பதான் வெளிய வருது."

அவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாழ்ந்த குரலில், "ஞாயித்துக்கெழம மட்டும் என் மானத்தை வாங்கிடாத. சொகம்னு ஒரு வார்த்தை சொல்லிடு, போதும்" என்றார். சொல்லிவிட்டால் இறங்கிய மிஷின் மறுபடி பரணுக்கே போகும். சுகமானவள் வீட்டில் மிஷின் எதற்கு என்று இதே தெரு கேட்கும். அந்த ஒரு வார்த்தைதான் பரணுக்குப் பூட்டு. அது ஸ்வீட்லினுக்கு நன்றாகத் தெரிந்தது.

ஞாயிறு காலை ஜெபவீடு நிரம்பி, ஜனங்கள் வெளியில் போட்ட நாற்காலிகளிலும் உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்குப் போகும் வழியில் ஒரு பெண் அவள் கையைப் பிடித்தாள். நெற்றியில் குங்குமம், இடுப்பில் ஒரு சின்னப் பெண்.

"நீதானம்மா போட்டோல கீறது? நாங்க சென்னீர்குப்பம். எம் பேரு சித்ரா. இது காவ்யா. இதுக்கும் டிபின்னு ரெண்டு வாட்டி மருந்து குடுத்துப் பாத்தாங்க, நிக்கவேயில்ல. உன் பேனரைப் பாத்துதான் வந்தேன். இன்னைக்கு ஜெபம் பண்ணிகினு, மாத்திரை எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடலாம்னு கீறேன். போட்டுடலாம்ல?"

குழந்தை இருமலை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தது. ஸ்வீட்லின் அந்தச் சின்ன விரல்களைப் பார்த்தாள். நுனிகள் உருண்டு திரண்டிருந்தன.

"தூக்கிப் போடாதீங்கக்கா" என்றாள். "நான் பேசி முடிக்கிற வரைக்கும் இருங்க."

பாஸ்டர் அலெக்ஸ் மைக்கை அவள் கையில் கொடுத்தார். கீபோர்டுக்காரர் மெல்லிய இசையைத் தொடங்கினார். ஓரத்தில், ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால், கிறிஸ்துராஜ் தலையைக் குனிந்து நின்றார்.

"நான் சாட்சி சொல்ல வந்திருக்கேன்" என்றாள். "அல்லேலூயா!" என்றது கூட்டம்.

"எனக்கு டிபி வந்ததே இல்ல. பேனர்ல இருக்கிறது பொய்."

கீபோர்டு ஒரு கணம் தடுமாறியது. பிறகு சத்தத்தைக் கூட்டியது.

"எனக்கு இருக்கிறது பொறவியில வந்த நோய். ஒட்டாது. யார் பாவத்தாலயும் வந்தது இல்ல. எங்க டாடிகிட்ட இருந்து பாதி, மம்மிகிட்ட இருந்து பாதி. மம்மியை மட்டும் இத்தினி வருஷம் அழ வச்சீங்க. நான் சொகமாகல. மிஷினை நிறுத்துனதால இருமல் நின்னுச்சு. இருமல் நின்னதால சளி உள்ளயே கட்டிகிச்சு. இப்ப என்னால நம்ம ஸ்டேஷன் பாலத்துல ஏற முடியல..."

கீபோர்டு அவள் குரலை மூடிக்கொண்டிருந்தது. பெண்கள் வரிசையிலிருந்து ஹில்டா எழுந்தாள். அந்த ஜெபவீட்டில் அவள் குரலை யாரும் கேட்டதில்லை. "தம்பி, நிறுத்துப்பா அந்தப் பொட்டியை! எம் பொண்ணு பேசினு கீறா, காதுல விழல?"

கீபோர்டு நின்றது. பாஸ்டர் புன்னகை மாறாமல் மைக்குக்குக் கை நீட்டினார். "சிஸ்டர் கொஞ்சம் மனசு கொழம்பி இருக்காங்க..." ஸ்வீட்லின் ஓரடி பின்வாங்கினாள். அவர் கிறிஸ்துராஜைப் பார்த்து, கழுத்தருகே விரலைக் குறுக்கே இழுத்துக் காட்டினார். மைக்கைக் கட் பண்ணு.

கிறிஸ்துராஜின் விரல்கள் ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் திருகின் மேல் இருந்தன. அவர் மகளைப் பார்த்தார். அவள் முகத்தில் அந்தப் பழைய இறுக்கம் வந்திருந்தது. வாயை மூடி, கண்ணில் நீர் முட்ட, அவள் எதையோ விழுங்கப் போகிறாள். அடக்கம் என்று ஊர் மெச்சியபோதெல்லாம் அவரும் பெருமைப்பட்ட முகம். இப்போதுதான் அது மூச்சு முட்டும் பிள்ளையின் முகம் என்று அவருக்குத் தெரிந்தது.

"முழுங்காதம்மா!" என்று கத்தினார். "இருமு!"

வால்யூமை முழுசாகத் திருப்பினார், சத்தம் கூடும் பக்கம்.

ஸ்வீட்லின் இருமினாள். ஹார்ன் ஸ்பீக்கர்கள் வழியே அந்த இருமல் தகரக் கூரையை அதிரவைத்து, தெருவுக்குப் போய், மின்கம்பத்தில் ஒளிவட்டத்தோடு சிரித்துக்கொண்டிருந்த பேனரையும் தாண்டி, டீக்கடை வரைக்கும் கேட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டவர்கள் சிலர். எழுந்து போனவர்கள் சிலர். அவள் கைப்பையிலிருந்து துணியை எடுத்து, சளியைத் துப்பி, மடித்து வைத்துக்கொண்டு, மறுபடி மைக்கைத் தூக்கினாள். குரல் தெளிவாக இருந்தது.

"இதான் என் சாட்சி. கர்த்தருக்கு என் இருமலால ஒரு தொந்தரவும் இல்ல. உங்களுக்குத்தான் தொந்தரவு. உங்க வீட்டுல புள்ளைங்க இருமிகினே இருந்தா அடக்காதீங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. வேர்வையில உப்பைப் பாக்கச் சொல்லுங்க. யார் சொன்னாலும் மருந்தை மட்டும் தூக்கிப் போடாதீங்க."

அல்லேலூயா வரவில்லை. அந்த அமைதிக்கு நடுவே, சித்ராவின் இடுப்பிலிருந்த காவ்யா வாயைத் திறந்து, நெஞ்சு நிறைய, கடகடவென்று இருமினாள். அவளை யாரும் அதட்டவில்லை.

அதற்கப்புறம் எல்லாம் சுமுகமாக நடந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடக்கவில்லை. ஜெபவீட்டில் சவுண்டு பொறுப்பு வேறு ஆளுக்குப் போனது. "பொண்ணு பேச்சைக் கேட்டு ஊழியத்துக்கு விரோதமா நின்னவரு" என்று கிறிஸ்துராஜின் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். முகத்துக்கு நேராகவும் ஒருவர் கேட்டார். "என் பொண்ணு மூச்சு விடுறது விரோதம்னா விரோதந்தாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஸ்வீட்லின் மருத்துவமனையில் படுத்து, நரம்பு வழியாக மருந்து ஏற்றிக்கொண்டாள். மருத்துவர் திட்டினார், திட்டியது நியாயம்தான். மூச்சின் வலுவை ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் விழுந்து கிடந்த கோடு, அடுத்த முறை கொஞ்சம் எழுந்தது, அதற்கடுத்த முறை நன்றாகவே எழுந்தது. சித்ராவை அதே மருத்துவமனைக்கு ஹில்டாதான் கூட்டிப் போனாள். காவ்யாவின் வியர்வையில் உப்பு சரியாகவே இருந்தது. ஆனால் காசநோயும் இல்லை. அவளுக்கு மூச்சுக்குழாயின் மென்மயிர்களே பிறவியிலிருந்து சரியாக அசைவதில்லையாம். வேறு நோய், முக்கியமான வைத்தியம் அதே: சளியை வெளியே கொண்டுவா, கிருமியைத் தங்க விடாதே. இனி அந்தக் குழந்தை யாருடைய ஊகத்துக்கும் மாத்திரை விழுங்க வேண்டாம்.

பேனரைக் கழற்றியது கிறிஸ்துராஜ். ஏணி போட்டு ஏறி, கயிற்றை அறுத்து, சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். நல்ல கெட்டியான ஃப்ளெக்ஸ். அதை வீணாக்க அந்தத் தெருவில் யாருக்கும் மனசு வராது. கழுவிக் காயவைத்து, காலையில் மகள் தலை தாழ்த்திப் படுக்கும் இடத்தில் விரித்தார். சளி தெறித்தால் துடைத்துவிடலாம். 'அற்புத விடுதலை' என்ற எழுத்துகளின் மேல் ஸ்வீட்லின் குப்புறப் படுப்பாள். அவர் லேத் பிடித்துக் காய்த்த கைகளைக் குவித்து, அவள் முதுகில் பொத்துப் பொத்தென்று தட்டுவார்.

"எம் மூஞ்சி மேலயே படுக்கிறேன் டாடி."

"பரவாயில்ல, அந்த ஒளிவட்டம் உனக்கு எடுப்பாவே இல்ல. பேசாத, இருமு."

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், திருமுல்லைவாயில் நடைமேம்பாலத்தில் அவள் எங்கும் நிற்கவில்லை. இறங்கி வரும்போதே ரயில் வந்துவிட்டது. பெண்கள் பெட்டி தள்ளி நின்றது, ஓடினாள். ஓட்டத்தில் நெஞ்சுக்குள் ஏதோ இளகி மேலே வந்தது. நின்று, கைக்குட்டைக்குள், நடைமேடை முழுக்கக் கேட்கும்படி இருமினாள். பக்கத்தில் நின்ற ஒருவர் முகத்தைச் சுளித்து நகர்ந்தார். நகரட்டும், ஏறுவதற்கு வழி கிடைத்தது.

ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு கை வெளியே வந்து ஆடியது.

"ஏய் ஹாரன்! ஓடியாடி, சீட்டு கீது!"